எந்தக் கோழிக்கு என்ன குணம்?



குழுவில் கடன் கிடைத்ததும் "நாலு கோழி வாங்கி விடலாமே" என்பதுதான் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நல்ல யோசனைதான். கொல்லையில் இடம் இருக்கு. வீட்டில் நொய்யும் தவிடும் இருக்கு. முட்டை விற்ற காசும் கோழி விற்ற காசும் பெரும்பாலும் நம் கையிலேயே நிற்கும். பிள்ளைக்கு நோட்டு வாங்கவோ, குழுவில் சந்தா கட்டவோ யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

கோழி வாங்கப் போகும்போது நாம் கேட்கும் கேள்வி இரண்டு. "என்ன விலை? எத்தனை முட்டை போடும்?" மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: "அதோட குணம் என்ன?" அடை உட்காருமா, குஞ்சைக் காக்குமா, அடங்கி இருக்குமா, அடுத்ததைக் கொத்துமா, சத்தம் கேட்டால் மிரளுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் குணம் வேறு. அது தெரியாமல் வாங்கினால் கோழி போய்விடும், கடன் மட்டும் நிற்கும்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 3 ஈடு அடை உட்கார்ந்து, ஈட்டுக்கு 10 குஞ்சு பொரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கோழி சூட்டிகையாக இருந்து ஈட்டுக்கு 7 குஞ்சு தேறினால் வருஷத்துக்கு 21 கோழி. தாய் அசமந்தமாக இருந்து 4 குஞ்சுதான் தேறியது என்றால் 12 கோழி. நடுவில் போன 9 கோழியின் விலையை உங்கள் ஊர்ச் சந்தை விலையில் பெருக்கிப் பாருங்கள். தாயின் குணத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பது அப்போது புரியும்.

சிறுவிடை: நல்ல தாய்

நம் ஊர்களில் காலம் காலமாக வளரும் சிறிய நாட்டுக்கோழி இது. உடம்பு சின்னது, கண் கூர்மை. விடிந்ததும் குப்பைமேட்டைக் கிளறித் தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். வானத்தில் பருந்து நிழல் தெரிந்தாலே ஒரு குரல் கொடுக்கும். குஞ்செல்லாம் ஓடி வந்து இறக்கைக்குள் ஒடுங்கும். கீரி வந்தாலும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. அதன் பிறகு இரண்டு மாதம் போலக் குஞ்சோடு சுற்றும். அந்த நாட்களில் முட்டை இருக்காது. அதனால்தான் வருஷ முட்டைக் கணக்கு குறைவு. "முட்டையே போட மாட்டேங்குது" என்று இதைத் திட்டக் கூடாது. முட்டை போடும் நேரத்தில்தான் அது பிள்ளை வளர்க்கிறது.

அசில்: வீரமும் ரோஷமும்

சண்டைக்கோழி என்று நாம் சொல்வது இதைத்தான். உயரமான கால், நிமிர்ந்த கழுத்து, இறுக்கமான உடம்பு. கறிக்கு நல்ல விலை போகும். ஆனால் இரண்டு அசில் சேவல்களை ஒரே கொல்லையில் விட முடியாது. ஒன்று விழும் வரை விடாது. பெட்டைகளும் மற்ற கோழிகளைத் தீனிக் கிண்ணத்தை விட்டு விரட்டும். இளம் சேவல்கள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கியதும் பிரித்து, தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். வளர்க்கிறவரிடம் பெரும்பாலும் பணிவாகவே இருக்கும். கையில் தூக்கினால் சும்மா இருக்கும். இருந்தாலும் சின்னப் பிள்ளைகளை அசில் சேவலோடு தனியாக விடாதீர்கள். குனிந்து விளையாடும் பிள்ளையின் முகத்துக்கு அதன் கால்முள் எட்டும்.

அசில் பெட்டை விருப்பமாக அடை உட்காரும். குஞ்சை உயிரைக் கொடுத்துக் காக்கும். ஒரே குறை உடம்பு கனம். "கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா" என்பார்கள். குஞ்சு தப்பினாலும் முட்டை தப்பாது. அதனால் அடைப் பெட்டியில் வைக்கோலையோ உமியையோ தாராளமாகப் பரப்பி, 8, 9 முட்டைக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சண்டைக்கு விட என்று யாராவது சேவல் கேட்டு வந்தால் கூடுதல் விலைக்கு ஆசைப்படாதீர்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டிவிடுவது குற்றம்.

கருங்கோழி: கூச்சம் அதிகம்

கடக்நாத் என்ற இந்தக் கோழி மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா, தார் பகுதியில் பழங்குடி மக்கள் வளர்த்து வந்தது. ஜாபுவா கருங்கோழிக் கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறகு, தோல், கறி எல்லாம் கருப்பு. முட்டை கருப்பு இல்லை, வெளிர் பழுப்புதான். "கருப்பு முட்டை" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஆள் கிட்டே போனால் ஒதுங்கும், மிரண்டால் சட்டென்று பறக்கும். சாயங்காலம் கூட்டுக்கு வராமல் மரத்தில் ஏறிக்கொள்ளும். அதனால் வாங்கி வந்த முதல் இரண்டு வாரம் அடைத்து வைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் கூப்பிட்டுத் தீனி போட்டுப் பழக்க வேண்டும். முக்கியமான விஷயம், இது அடை உட்காருவது அரிது. இதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைத்துத்தான் பொரிக்க வேண்டும்.

"குஞ்சை நாங்க தர்றோம், வளர்த்துக் கொடுத்தா நாங்களே வாங்கிக்கிறோம்" என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2012-ல் கொங்குப் பகுதியில் ஈமு கோழியை நம்பியும், 2019-ல் மகாராஷ்டிராவின் சாங்லி பகுதியில் கருங்கோழியை நம்பியும் ஏராளமான குடும்பங்கள் பணத்தை இழந்தன. உங்கள் ஊர்ச் சந்தையில் விலை போகுமா என்று முதலில் பாருங்கள்.

வனராஜா, கிராமப்ரியா: சாது

இவை இரண்டும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் ஆகும், வருஷத்துக்குச் சுமார் 100 முட்டை. கிராமப்ரியா முட்டைக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 160 முதல் 180 வரை இடும்.

குணத்தில் இரண்டும் சாது. கூப்பிட்டால் காலடியில் வந்து நிற்கும். சண்டை குறைவு. அந்தச் சாதுக் குணமே சில சமயம் ஆபத்து. இவை பொரிப்பகத்தில் பிறந்து தாய் இல்லாமல் வளர்ந்தவை. மேய்ச்சலுக்குக் கூட்டிப் போய்ப் பழக்கத் தாய் இல்லை. அதனால் முதல் 6 வாரம் விளக்குச் சூட்டில், பூனையும் நாயும் எட்டாத இடத்தில் வைத்து வளர்த்த பிறகே வெளியே விட வேண்டும். ஒருநாள் குஞ்சை வாங்கிவந்து அப்படியே கொல்லையில் விட்டால் ஒரு வாரத்தில் கூடை காலியாகிவிடும்.

இவை அடை உட்காராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடை உட்காராததால்தான் முட்டை அதிகம். இவை கலப்பில் வந்தவை என்பதால், இவற்றின் முட்டையைப் பொரித்தாலும் குஞ்சுகள் தாயைப் போலவே முட்டை போடும் என்று எதிர்பார்க்க முடியாது. இதன் முட்டையைச் சாப்பிடவும் விற்கவும் மட்டும் வைத்துக்கொள்வதே லாபம்.

வெள்ளை லெகார்ன்: பயந்தாங்கொள்ளி

நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் வெள்ளைக் கோழி இந்த வம்சத்தில் வந்தது. பூர்வீகம் இத்தாலி. வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் ஒரு தட்டு கீழே விழுந்தாலே பதறி மூலையில் போய்க் குவியும். பயந்துவிட்டால் முட்டையும் குறையும். அளவான தீனி, அளவான வெளிச்சம் என்று பழகியது இது. பண்ணையில் கழித்த கோழி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் கொல்லையில் விட்டால் தேறுவது கஷ்டம். வெள்ளை நிறம் பருந்துக்கும் பளிச்சென்று தெரியும்.

கோழிக்குள்ளும் பெரியவள், சின்னவள்

எந்த இனமானாலும் கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. மூத்தவள் எல்லோரையும் கொத்துவாள். கடைசியில் இருப்பவளை எல்லோரும் கொத்துவார்கள். புதுக் கோழி ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் அந்த வரிசை கலைந்து சண்டை வரும். அதற்குச் சில வழிகள்:

* புதிதாக வாங்கியதை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். நோய் இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.
* ஒன்றாக விடாமல் இரண்டு, மூன்றாகச் சேர்த்து விடுங்கள். இரவில் கூட்டுக்குள் விட்டால் சண்டை குறையும்.
* தீனியை ஒரே தட்டில் வைக்காமல் இரண்டு, மூன்று இடத்தில் வையுங்கள். கடைசிக் கோழிக்கும் வயிறு நிறையும்.
* 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

எதை எதோடு வளர்க்கலாம்?

அதிக முட்டை, நல்ல தாய், நல்ல கறி, சாதுக் குணம் எல்லாமே ஒரே கோழியில் கிடைக்காது. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். முட்டைக்கு 4 கிராமப்ரியா. குஞ்சு பொரிக்க 2 அல்லது 3 சிறுவிடை. அசிலோ கருங்கோழியோ ஆசையாக இருந்தால் அந்த முட்டைகளைச் சிறுவிடைக்கு அடியில் வையுங்கள். அடை வைத்து 7-ஆம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். நரம்பு ஓடாமல் தெளிவாகத் தெரியும் முட்டையில் கரு இல்லை, எடுத்துவிடலாம்.

நேரம் கெட்ட நேரத்தில் அடை உட்காரும் கோழியைத் தெளிய வைக்க, தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் சில ஊர்களில் வழக்கம். அது வேண்டாம், வாயில்லா ஜீவனுக்கு வேதனை. அடியில் காற்றுப் போகும்படி கம்பியோ மூங்கில் பட்டையோ அடித்த கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று, நான்கு நாள் விட்டால் தானே தெளியும்.

குணம் மாறினால் கவனியுங்கள்

குணம் தெரிந்து வளர்ப்பதில் இன்னொரு லாபம் இருக்கு. துறுதுறுவென்று ஓடிய சிறுவிடை ஒதுங்கி நின்று தூங்கினாலோ, சண்டைக்கு நிற்கும் அசில் தலை கவிழ்ந்து நின்றாலோ ஏதோ நோய் வருகிறது என்று அர்த்தம். உடனே அதைப் பிரித்து வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளைக் கழிச்சல் கண்டுவிட்டால் மருந்து கிடையாது. வருமுன் போடும் தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கு முகாம் நடத்துகிறது. உங்கள் ஊருக்கு எப்போது என்று மருந்தகத்தில் கேட்டு, தெருவில் உள்ள எல்லாக் கோழிக்கும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால் நம் கோழிக்கும் ஆபத்துதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கோழிக்குக் கடன் கேட்கும் சகோதரியிடம் இந்த நான்கையும் கேளுங்கள்: முட்டைக்கா, குஞ்சுக்கா, கறிக்கா? அடை உட்கார எந்தக் கோழி? இரவில் அடைக்கக் கூடு இருக்கா? தடுப்பூசிக்கு ஏற்பாடு என்ன? நான்குக்கும் பதில் இருந்தால் தைரியமாகத் தீர்மானம் எழுதிக் கடன் கொடுங்கள். தவணை தவறாமல் வரும்.