தசைகளைத் தளர்த்தும் நோய்

உடல்நலம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணுதற்கு முதற்படி நோயை அறிதல். அறியப்படாமலே பலரை வாட்டும் அரிய நோய்களுள் ஒன்று, மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் இந்நோய் கண்டபோதுதான் நம் நாட்டில் பலர் இதன் பெயரையே கேள்வியுற்றனர்.

நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினைத் தசையிலுள்ள ஏற்பிகள் பற்றிக்கொள்வதால் தசை சுருங்குகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பாற்றல் வழிதவறி அவ்வேற்பிகளையே தாக்கினால், நரம்பின் கட்டளை தசையை முழுமையாகச் சென்றடையாது. மின்விலாங்கின் ஏற்பியைச் செலுத்திய முயல்கள் தளர்ந்து வீழ்ந்ததை 1973இல் கண்ட அறிஞர்கள், இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தினர்.

இமை சரிதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், மெல்லவும் விழுங்கவும் இயலாமை, பேசப்பேசக் குரல் தேய்தல் ஆகியன இதன் அடையாளங்கள். உழைக்க உழைக்கத் தளர்ச்சி மிகும், ஓய்வால் குறையும். காலையில் திறந்திருந்த இமை மாலையில் சரியும். இதனை முதுமை என்றோ, கண்ணேறு என்றோ ஒதுக்கிவிடலாகாது.

தருமபுரி மாவட்டத்து உழவர் பெருமக்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். இரவில் தரையில் உறங்கி எழுந்தவருக்குத் திடீரென இமை சரிந்தால், அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். அக்கடி வலியின்றியும் நிகழும். அந்நஞ்சும் நரம்பும் தசையும் கூடும் இடத்தையே தாக்குகிறது. ஆதலின் சற்றும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நாள்கணக்கில் கூடியும் குறைந்தும் வரும் தளர்ச்சியே பெரும்பாலும் மயஸ்தீனியாவைச் சுட்டும்.

சரிந்த இமையின்மீது இரண்டு நிமிடம் பனிக்கட்டி வைத்துப் பார்த்தல் மருத்துவர் கையாளும் ஓர் எளிய சோதனை. குளிர்ச்சியால் இமை உயர்ந்தால் ஐயம் வலுக்கும். இரத்தச் சோதனையும் நரம்புத் தூண்டல் சோதனையும் அதனை உறுதிசெய்யும். மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி உண்டா எனவும் ஆராய்வர்.

1934இல் இலண்டனில் மேரி வாக்கர் என்னும் மருத்துவர், பைசோஸ்டிக்மின் மருந்தால் இந்நோயாளியின் இமை உயரக் கண்டார். அவ்வழியில் வந்ததே இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும், தேவைப்படின் தைமஸ் அறுவையும் துணைபுரிகின்றன. மூச்சுத் திணறல் தோன்றினால் அது உயிர்க்கே ஆபத்து. உடனடியாக மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.

சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இரத்த அழுத்த மருந்துகளும் இந்நோயை மிகுவிக்கும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் நோயின் பெயரைக் கூறுதல் இன்றியமையாதது. மாத்திரையை நாளில் பலமுறை உட்கொள்ள வேண்டியிருப்பதால், ரமலான் நோன்புக்கு முன் மருத்துவரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதனை ஏற்பது குறையன்று.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தொலைவு காரணமாகத் தயங்கிய காலம் கழிந்தது. நம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒருவரது இமை மாலைதோறும் சரியக் கண்டால், அவரை அங்கு அழைத்துச் செல்வது கற்ற நம் கடமையாகும்.