பணியிழப்பும் மறுபயிற்சியும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில் பூ வணிகர், ஆட்டோ ஓட்டுநர், விடுதிப் பணியாளர் எனப் பலரும் அரங்கநாதர் கோயிலுக்கு வரும் பக்தர்களை நம்பியே வாழ்கின்றனர். கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பக்தர்களுக்கு அடைக்கப்பட்ட கோயில், செப்டம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. அம்மாதங்களில் இவர்களின் வருவாய் நின்றது. அதே காலத்தில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலையிழந்தோர் சிறப்பு வானூர்திகளில் திருச்சிராப்பள்ளிக்கு வந்திறங்கினர்.

பணியிழந்தோர் என ஒரே சொல்லால் குறித்தாலும், அனைவரின் தேவையும் ஒன்றன்று. பூ வணிகருக்குத் தொழில் தெரியும், முதல்தான் இல்லை. அத்தகையோருக்காக 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பி.எம். ஸ்வநிதி திட்டம், சாலையோர வணிகர்களுக்குப் பிணையின்றி 10,000 ரூபாய் வரை கடன் வழங்கியது. அயல்நாட்டிலிருந்து திரும்பிய பற்றவைப்பாளருக்குத் திறன் உண்டு. அதனை மெய்ப்பிக்கும் சான்றிதழ் பலரிடம் இல்லை. திரும்பியோரின் திறன்களைப் பதிவு செய்ய நடுவண் அரசு அதே மாதத்தில் 'ஸ்வதேஸ்' என்னும் பதிவு முறையைத் தொடங்கியது. பட்டறிவால் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறையும் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ளது.

பழைய வேலை மீண்டும் கிடைக்காதோருக்கே மறுபயிற்சி இன்றியமையாதது. 2021 ஜூனில் ஒரு இலட்சம் பேரை மருத்துவத் துறையின் துணைப்பணிகளுக்குப் பழக்கும் குறுகியகாலப் பயிற்சி நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை நவீன தொழில்நுட்ப மையங்களாக மாற்றுவதற்கு 2022இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பயிற்சி தொடங்குவது எளிது. அதனை முடித்து வேலையில் அமர்வதே அரிது. அன்றாடக் கூலியில் வாழ்பவர் மூன்று மாதம் வகுப்பில் அமர்ந்தால் குடும்பம் எவ்வாறு உண்ணும்? எனவே பயிற்சிக்கால உதவித்தொகை சலுகையன்று; பயிற்சியின் அடிப்படைத் தேவை. உள்ளூர்த் தொழிலின் நிலையும் கருதப்பட வேண்டும். திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்த சிறு தொழிற்கூடங்கள் பல உள்ளன. அவற்றுக்குக் கொதிகலன் உறுப்புகள் செய்யும் பணி குறையும்போது, தேர்ந்த பற்றவைப்பாளருக்கும் வேலை கிடைப்பதில்லை. அப்போது மேலும் பலருக்கு அதே பயிற்சியை அளிப்பது போட்டியையே பெருக்கும்.

ஆகவே, ஒரு பயிற்சித் திட்டத்தை மதிப்பிடுவோர் வழங்கப்பட்ட சான்றிதழ்களை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. பயின்றோருள் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின்னும் அவ்வேலையில் நிலைத்துள்ளனர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.