மீன்பிடி படகின் வேகத்தைச் செம்மை செய்தல்

உழவனுக்கு ஏரும் எருதும் எவ்விதமோ, கடலை நம்பிப் பிழைக்கும் மீனவனுக்குப் படகும் அதன் யந்திரமும் அவ்விதமே. ஏர் பிசகிப் பூட்டப்பட்டால் எருது இளைக்கும். படகின் அமைப்பில் பிழையிருந்தால் யந்திரம் இளைக்கும், எண்ணெயும் வீணாகும். சென்னைக்கு வடபால் இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலுள்ள மீனவர் குப்பங்களில், படகின் வேகம் குறைந்துவிட்டதாகத் தோன்றினால் அதிகக் குதிரைசக்தியுள்ள யந்திரத்தை வாங்க நினைப்பதுண்டு. அதற்காகப் படும் கடனோ பல பருவங்களின் வரும்படியை விழுங்கிவிடும். பெரிய யந்திரம் வாங்குமுன், இருக்கும் யந்திரத்தின் சக்தி எங்கே வீணாகிறது என்று ஆராய்வதே முறை. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய சில குறிப்புகள் கீழே தரப்படுகின்றன.

கட்டுமரம் முதல் பைபர் படகு வரை

இக்கரையின் பழைய கலம் கட்டுமரம். அலை மோதும் மணற்கரையில் இறங்கவும் ஏறவும் அதற்கு இணையில்லை. துடுப்பும் பாயுமே அதன் விசையாக இருந்தன. 1979-ம் வருஷம் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்திட்டத்தார் அலைக்கரைக்கு ஏற்ற யந்திரப் படகுகளை அமைக்க முயன்றனர். கரையை அணுகும்போது சுழல்விசிறி மணலில் முட்டாதபடி தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றின் சிறப்பாகும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் பைபர் படகுகள் மிகுதியாகப் பரவின. நீண்ட தண்டின் முனையில் விசிறி கொண்ட டீசல் யந்திரமோ, பின்பலகையில் மாட்டும் யந்திரமோ இவற்றை ஓட்டுகிறது. காசிமேட்டுத் துறைமுகத்து விசைப்படகுகளில் யந்திரம் படகின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அமைப்பு வேறாயினும், கீழ்க்கண்ட விதிகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வேகத்தின் விலை

பாரமேற்றிய சிறு படகில் வேகத்தைச் சிறிது உயர்த்தச் சக்தி மிக அதிகமாக வேண்டும். வேகத்தை நூற்றுக்குப் பத்து பங்கு குறைத்தால், வேண்டிய சக்தி ஏறத்தாழ நூற்றுக்கு 27 பங்கு குறையும். டீசல் யந்திரம் ஒரு குதிரைசக்திக்கு மணி ஒன்றுக்குச் சுமார் கால் லிட்டர் எண்ணெய் கொள்ளும். எடுத்துக்காட்டாக, 10 குதிரைசக்தி யந்திரம் முழு விசையில் 7 நாட் வேகம் தருவதாகக் கொள்வோம். (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், கடல்மைல் 1,852 மீட்டர்.) 14 கடல்மைல் செல்ல 2 மணி நேரமும் 5 லிட்டரும் ஆகும். அதே தூரத்தை 6.3 நாட் வேகத்தில் கடக்க 13 நிமிஷம் அதிகமாகும். எண்ணெயோ சுமார் 4 லிட்டரே ஆகும்.

ஆகையால், அவசரமில்லாது கடலுக்குச் செல்லும்போது விசையைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நலம். மீனை விலைக்கு நேரத்தில் சேர்க்க வேண்டிய திரும்பும் வழியில் வேகத்தைக் கூட்டலாம். போகும்போது மிச்சமான எண்ணெய் அதற்கு உதவும்.

அடிப்பாகம்

நீரில் கட்டிக் கிடக்கும் படகின் அடியில் பாசியும் ஓடுடைய சிற்றுயிர்களும் ஒட்டி வளரும். அதனால் அடிப்பாகம் கரடாகி, படகு தண்ணீரை இழுத்துக்கொண்டே செல்லும். யந்திரத்தில் பழுதென்று எண்ணப்படுவது பல சமயங்களில் இதுவே. விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூச ஏற்றது. கரையேற்றப்படும் பைபர் படகில் ஒட்டுயிர் குறைவாயினும், மணல் உராய்ந்த கீறல்களை அடைத்து மழமழப்பாக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. இத்தகைய படலத்தை முற்றும் களையாமல் அதன்மேல் வர்ணம் பூசினால் ஒட்டாது, செலவு வீணே.

பாரம்

பின்புறம் பாரம் மிகுந்தால் அணியம் மேலெழும்பிப் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். முன்புறம் மிகுந்தால் அலையில் விசிறி வெளியே எழும்பி வீணாய்ச் சுழலும். ஐஸ் பெட்டி, வலை, எண்ணெய்க் கேன் ஆகியவற்றை நடுப்பாகத்தை ஒட்டி வைத்து, ஆட்கள் அமரும் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அடியில் தேங்கும் 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ பாரமாகும். அதை இறைத்துக் கொட்டக் காசு செலவில்லை.

சுழல்விசிறி

விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது, திருகாணி மரத்தில் ஏறுவதுபோல எவ்வளவு முன்னேற வேண்டுமோ அவ்வளவே அதன் புரி எனப்படும். வழக்கமான பாரத்துடன் முழு விசையில் ஓட்டும்போது, யந்திரம் தனக்கு விதிக்கப்பட்ட சுற்று எண்ணிக்கையை எட்ட வேண்டும். எட்டாமல் கரும்புகை கக்கித் திணறினால் புரி அதிகம். எண்ணிக்கையைத் தாண்டி இரைந்தும் படகு முன்னேறாவிட்டால் புரி குறைவு. பின்பலகை யந்திரங்களில் ஓர் அங்குலப் புரி மாற்றம் நிமிஷத்துக்குப் பொதுவாக 150 முதல் 200 சுற்று வரை வித்தியாசம் செய்யும். அடிப்பாகத்தைத் துப்புரவாக்கிய பின்பே இச்சோதனையைச் செய்ய வேண்டும். பாசி பிடித்த படகும் யந்திரத்தைத் திணறச் செய்யுமாதலால், நல்ல விசிறியைக் குறைகூறி மாற்றிவிட நேரும்.

கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் மணலும் சாம்பலும் படிந்து ஆழம் குறைந்திருப்பதால், எண்ணூர்ப் படகுகளின் விசிறி தரையில் உராய்வது எளிது. இதழின் விளிம்பு மழுங்கினாலும் ஓரிதழ் வளைந்தாலும் வேகம் குறையும். தண்டு அதிர்ந்து தாங்கிகளும் தேயும். ஆழமற்ற இடத்தில் விசையைக் குறைத்து விசிறியை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மாட்டும் உயரம்

பின்பலகை யந்திரத்தில் விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருத்தல் வேண்டும். மிக உயர்ந்தால் விசிறி காற்றை உறிஞ்சும். மிகத் தாழ்ந்தால் யந்திரத்தின் கால் தண்ணீரில் இழுபடும். நீண்ட தண்டுள்ள யந்திரத்தில் விசிறி முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். ஆனால் தண்டு செங்குத்தாகச் சரியலாகாது. சரிவு மிகுந்தால் சக்தியின் ஒரு பகுதி படகை முன்தள்ளாமல் பின்புறத்தை மேலே தூக்குவதில் கழியும்.

யந்திரத்தின் மூச்சு

உப்புக்காற்றில் நனைந்த காற்று வடிகட்டி அடைபட்டாலும், டீசலில் தண்ணீர் கலந்தாலும், எண்ணெய் தெளிக்கும் முனை தேய்ந்தாலும் யந்திரம் சக்தி இழக்கும். கரும்புகை, காற்று குறைவதையோ சுமை மிகுவதையோ காட்டும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். டீசலை வடிகட்டி ஊற்றுவது மிகச் சிறிய வேலை. அதனால் தடுக்கப்படும் பழுதோ பெரிது.

சோதனை முறை

ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் பலன் எதனால் வந்ததென்று விளங்காது. திருவொற்றியூர்க் கரையிலுள்ள தூண்டில் வளைவுகள் போன்ற அசையாத இரு குறிகளுக்கிடையே, அல்லது ஜி.பி.எஸ். கருவியால் அளந்த தூரத்தில், ஒரே பாரத்துடன் போகவும் வரவும் ஓட்ட வேண்டும். நீரோட்டத்தோடு ஒரு கடல்மைல் செல்ல 10 நிமிஷமானால் வேகம் 6 நாட். எதிர்த்து வர 12 நிமிஷமானால் 5 நாட். இரண்டின் சராசரியான ஐந்தரை நாட்டே படகின் உண்மை வேகம். ஒரு வழி மட்டும் ஓட்டிப் பார்த்தவர், நீரோட்டம் தந்த வேகத்தை விசிறியின் பெருமையென்று நம்பி ஏமாறுவர். ஒவ்வொரு சோதனையிலும் தேதி, பாரம், நேரம், செலவான எண்ணெய் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தல் அவசியம்.

அடிப்பாகம், பாரம், மாட்டும் உயரம், யந்திரத்தின் துப்புரவு ஆகிய நான்கையும் முதலில் சரிசெய்து, அதன் பின் விசிறியை ஆராய்வதே சிக்கனமான வரிசை. இவையனைத்தும் செய்தும் வேகம் போதாதென்று நோட்டுப் புத்தகம் காட்டுமானால், அப்போது பெரிய யந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்குமுன் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதிருப்பதே படகுக்காரருக்கு நன்மை.