கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் எங்கே?

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய லாட்ஜ்களில் சுற்றுலா வருகிறவர்களைவிட வேலையாக வருகிறவர்களே அதிகம். இயந்திரம் பொருத்த வரும் பொறியாளர், தணிக்கைக்கு வரும் அதிகாரி, பயிற்சிக்கு வரும் டிப்ளமோ இளைஞர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரத்தில் சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம், அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், எல்லாம் தொழிற்சாலைப் பகுதிகள். இரவுப் பயணம் முடித்துக் கண்ணெரிச்சலோடு ரிசப்ஷனில் நிற்பவரிடம் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அவர் கையெழுத்துப் போடுவார், ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பார், அட்வான்ஸ் கட்டுவார், சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். கையெழுத்திட்ட படிவம் விடுதியின் ஃபைலுக்குள் போய்விடும்.

அந்தப் படிவம் வெறும் வருகைப் பதிவு அல்ல. அறை வாடகை, காலி செய்ய வேண்டிய நேரம், பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வாசகம், சேதத்துக்கான பிடித்தம் எல்லாம் பெரும்பாலும் அதில் பொடி எழுத்தில் இருக்கும். படிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். ஒப்பந்தச் சட்டத்தின் பொது நிலை அதுவே.

ஆனால் அச்சடித்துவிட்டால் எல்லாமே செல்லும் என்றும் இல்லை. 1998 ஆகஸ்ட் 1 அன்று டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்குப் போன ஒருவர் தன் மாருதி ஸென் காரை நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். கையில் வந்த சீட்டில், வண்டி நிறுத்துவது விருந்தினரின் சொந்தப் பொறுப்பு என்று இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள், மேஜையில் கிடந்த சாவியை எடுத்து ஓர் இளைஞர் காரை ஓட்டிப் போய்விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது: வண்டியைத் தன் பொறுப்பில் வாங்கிய ஹோட்டல், சொந்த அலட்சியத்தால் நேர்ந்த இழப்பிலிருந்து சீட்டு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் 1960களிலேயே இந்த வழியில் நின்றிருக்கிறது. லில்லி ஒயிட் வழக்கில், சலவைக்குப் போட்ட புடவை தொலைந்துபோனது. விலையில் ஒரு பங்குதான் தருவோம் என்று ரசீதில் இருந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது என்று அது செல்லாமல் போனது.

இரண்டு வழக்கிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சண்டைக்குக் காரணமான வாசகம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்பட்ட காகிதத்தில் இருந்தது. லாட்ஜ் படிவத்தில் அந்த வசதி இல்லை. எதை ஒப்புக்கொண்டோம் என்பதே விருந்தினருக்குத் தெரியாதபோது, அது நியாயமா என்று எதை வைத்து வாதாடுவார்?

இங்கேதான் சட்டத்தில் ஓட்டை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்கு பில்லோ ரசீதோ கொடுக்காமலிருப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 2020இல் விதிகளும் வந்தன. ஆகவே அட்வான்ஸுக்கு ரசீது கேட்பது சலுகை கேட்பது அல்ல. ஆனால் கையெழுத்திட்ட படிவத்துக்கு நகல் தர வேண்டும் என்று இந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இரண்டு வரி சேர்த்தால் தீரும் குறை இது, சேர்க்கத்தான் வேண்டும்.

விருந்தினரின் காகிதம் மட்டும் விடுதியிடம் தாராளமாகச் சேர்கிறது. அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கும் வருகைப் பதிவேட்டுக்கும் காரணம் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். கொரிய, ஜப்பானிய பொறியாளர்கள் வந்துபோகும் இந்த வட்டாரத்தில் விடுதிக்காரர்களுக்கு இது பழக்கமான வேலை. ஆதார் நகல் அப்படியல்ல. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், உரிமம் இல்லாத ஹோட்டல்களும் திரையரங்குகளும் ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரும் வழி இன்றும் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தையும் காட்டலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவர் தன்னைப் பற்றி விடுதி வைத்திருக்கும் தகவலின் நகலையே கேட்டுப் பெறலாம். முதல் நகல் இலவசம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருவது தகவலின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைத்தான். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின்படி முக்கியப் பகுதிகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

சட்டம் மாறும்வரை விருந்தினர் செய்யக்கூடியது எளிது. நகல் கேளுங்கள். ஜெராக்ஸ் மெஷின் ஓடவில்லை என்றால், கையெழுத்துப் போட்ட கையோடு படிவத்தின் இரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். வாடகை, அட்வான்ஸ், காலி செய்யும் நேரம் ஆகிய இடங்களை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். குறிப்பாக நேரம்: வந்ததிலிருந்து 24 மணி நேரமா, மறுநாள் பகல் 12 மணியா என்பதில்தான் ஒரு நாள் வாடகையே கூடுகிறது. படமெடுக்கக் கூடாது என்று தடுத்தால், என்ன நிபந்தனை என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குத் தேதியும் நேரமும் பதிவாகிவிடும்.

தகராறு வந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், விடுதியிடம் இருக்கும் மூலப் படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இதற்காகச் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ அலைய வேண்டிய அவசியமும் கிடையாது. மறைமலை நகரில் தங்கிவிட்டு ஊர் திரும்பிய கோயம்புத்தூர்க்காரர், தான் குடியிருக்கும் கோயம்புத்தூர் மாவட்ட ஆணையத்திலேயே புகாரைப் பதியலாம்.