நெல்லின் ஈரமும் நூற்றுவீதக் கணக்கும்

அறுவடை நெல்லை உலர்த்தி எடைபோட்டவுடன், எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டதென்று களத்துக் காவலாளைச் சந்தேகிக்கும் விவசாயிகள் உண்டு. பல சமயங்களில் குற்றம் ஆளிடத்திலன்று. கணக்கைப் போட்ட விதத்திலேயாம்.

ஒரு தொகைக்கு நூற்றுவீதம் காண, அத்தொகையை வீதத்தாற் பெருக்கி 100-ஆல் வகுத்தல் வேண்டும். 1,000 கிலோ நெல்லில் 100-க்கு 22 வீதம் ஈரமிருப்பின், நீர் 220 கிலோவென்று ஏற்படும். இதில் மயக்கமொன்றுமில்லை.

அரசாங்கக் கொள்முதலுக்குரிய பொதுவிதிப்படி ஈரம் 17 வீதத்திற்கு மேற்படலாகாது. அதுவரை உலர்த்தினால் குறைவது 5 வீதம், அதாவது 50 கிலோதானே என்பர். கணக்கில் தேர்ந்த கிராம அதிகாரிகளும் இவ்விடத்தில் வழுக்குவதுண்டு. 22 வீதமென்றது ஈரநெல்லின் எடைக்கு. 17 வீதமென்பதோ உலர்ந்தபின் நிற்கும் எடைக்கு. ஆதலால் ஒன்றினின்று மற்றொன்றை நேரே கழிக்கலாகாது.

வெயிலில் மாறாதது நீர் நீங்கலாக உள்ள பொருளே. அது 1,000-இல் 220 போக 780 கிலோ. உலர்ந்த நெல்லில் இந்த 780 கிலோவே 100-க்கு 83 பங்காய் நிற்கவேண்டும். எனவே 780-ஐ 100-ஆல் பெருக்கி 83-ஆல் வகுக்க, ஏறக்குறைய 940 கிலோ வரும். குறைவு 60 கிலோ. சரிபார்க்க விரும்புவோர் 940-க்கு 17 வீதம் கண்டுகொள்க: சுமார் 160 கிலோ நீர், முன்னிருந்த 220-இல் 60 போயிற்று. காவலாள்மேற் சுமத்திய 10 கிலோவும் ஆவியாய்ப் போனதே.

தூற்றுகையில் நீங்கும் பதரும் தூசியும் இக்கணக்கிற் சேரா. அவற்றின் எடையைத் தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும்.