பெயர் தெரிந்த போலீஸ்காரர்

பக்கத்து வீட்டுக்காரனே கள்ளச்சாராயம் விற்றால், எந்தப் பெண் ஸ்டேஷன் படியேறிப் புகார் கொடுப்பாள்? போய்வந்தது யார் என்று பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். 1999-ல் திருச்சி மாநகர போலீஸ் கமிஷனராகப் பொறுப்பேற்ற ஜே.கே. திரிபாதிக்கு இந்தப் பயம் புரிந்திருந்தது. நகரின் பல இடங்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம்; ஒரு தாளில் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம்.

பெட்டியைவிட முக்கியமானது பீட் முறை. நகரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட சில காவலர்களிடம் நிரந்தரமாக ஒப்படைத்தார்கள். அதுவரை பந்தோபஸ்துக்கும் எடுபிடி வேலைக்கும் அலைந்த கான்ஸ்டபிள், இப்போது ஒரு பகுதிக்கே பொறுப்பாளர். எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த முக்கில் தகராறு புகைகிறது என்பது அவருக்குத் தெரியும். மக்களுக்கு அவர் பெயர் தெரியும். குடிசைப் பகுதிகளையும் போலீஸ் தத்தெடுத்தது. கோவை குண்டுவெடிப்பு நடந்து ஓராண்டே ஆகியிருந்த, மதப் பதற்றம் தணியாத காலம் அது. அந்த நேரத்தில் இப்படி நெருங்கிப் பழக முன்வந்தது பெரிய காரியம். இந்த முயற்சிக்குப் பின்னர் பிரதமர் விருதும் கிடைத்தது.

மக்களோடு கைகோப்பது என்றாலே நல்லதாகிவிடாது. ராமநாதபுரத்தில் 1993-ல் எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ தன்னார்வலர் குழு நல்ல நோக்கத்தில் பிறந்தது. மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, அந்தக் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு குழுவுக்குத் தடை போட்டது. தகவல் சொல்லவும் ரோந்துக்குத் துணை போகவும் தன்னார்வலர் வரலாம். லத்தியைப் பிடிக்கவும் விசாரணை அறைக்குள் நுழையவும் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இந்தக் கோடு அழிந்தால் முதலில் அடிபடுவது ஏழைகள்தான்.

சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களும் வணிகர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு தெருத்தெருவாக சிசிடிவி காமிரா பொருத்தினார்கள். செயின் பறிப்பு வழக்குகளில் துப்புத் துலக்க அவை உதவின. ஆனால், ஸ்டேஷன் படியேறத் தயங்கும் பெண்ணின் பயத்தைக் காமிரா போக்காது. அவளுக்குத் தேவை, நம்பிப் பேசக்கூடிய ஒரு காவலர்.

ஏடிஎம், நகைக்கடை வாசல்களில் ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் பட்டா புத்தகம் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வந்து போனதற்கு அது சாட்சி. யாரிடம் பேசினார் என்பதை அது சொல்லாது. குடியிருப்போர் சங்கங்கள் காமிராவுக்கு நிதி திரட்டும் அதே வேகத்தில் இதையும் கேட்கலாம்: எங்கள் தெருவுக்கான காவலர் யார், அவர் எண் என்ன, ஆறே மாதத்தில் அவரை மாற்றாமல் இருப்பீர்களா?