கேத்தி ஸ்டேஷன் காதல் நிஜமா? தெரியுமா உங்களுக்கு?

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே கேத்தி என்று ஒரு குட்டி ரயில் ஸ்டேஷன் இருக்கிறதே, தெரியுமா? சுற்றிலும் பச்சைப் பள்ளத்தாக்கு, கேரட் தோட்டம், படுகர் ஹட்டிகள் (கிராமங்கள்). தமிழ்நாட்டையே தேம்பித் தேம்பி அழ வைத்த 'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸ் அங்கேதான் படமானது! படம் வெளியான நாள் 1982 பிப்ரவரி 19. நாற்பது வருஷம் தாண்டியும் டீக்கடை பெஞ்சில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது: சீனுவுக்கு (கமல்ஹாசன்), தான் பராமரித்த விஜி (ஸ்ரீதேவி) மேல் இருந்தது காதல்தானா?

அந்தக் காட்சியில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதே மழை, அது திட்டத்திலேயே இல்லை, தெரியுமா? வானம் தானாகப் பொத்துக்கொண்டது! இயக்குநர் பாலு மகேந்திரா பேக்கப் சொல்லவில்லை. கேமராவை ஓட விட்டார்! வேறு யாராவது என்றால் ஹோட்டல் அறைக்குப் போய் வெயிலுக்காகக் காத்திருப்பார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். கமல்ஹாசன் அங்கே 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா? இல்லவே இல்லை! விழுந்து அடிபட்டு, சேற்றில் புரண்டு, நொண்டிக்கொண்டு ஓடி வருகிறார். குரங்கு வித்தை காட்டுகிறார். குட்டிக்கரணம் போடுகிறார். வீட்டில் அவளைச் சிரிக்க வைத்த அதே சேட்டை! ரயில் பெட்டியில் இருப்பவளுக்கு அவர் யாரோ ஒரு பைத்தியக்காரன்!

இதைவிடப் பெரிய அதிர்ச்சி கேளுங்கள். சீனு தொண்டை கிழியக் கூப்பிடுவது 'விஜி' என்றுதானே? அவள் நிஜப் பெயர் பாக்கியலட்சுமி! விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகி, கெட்டவர்கள் கையில் சிக்கிய பிறகு ஒட்டிக்கொண்டதுதான் 'விஜி'. சிகிச்சையில் பழைய நினைவு திரும்பியதும் நடுவில் நடந்ததெல்லாம் துடைத்துப் போய்விட்டது. அப்புறம் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்? தன் பெயரே இல்லாத பெயரை எவனோ கத்துகிறான்!

எதிர்க்கட்சி வக்கீல்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? 'அவள் மனசளவில் குழந்தை. அவன் பாடியதோ தாலாட்டு. இது அப்பா பாசம், காதல் எங்கே வந்தது?' பலமான வாதம்தான்! அந்தத் தாலாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 'கண்ணே கலைமானே' கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு என்பார்கள். 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் கவிஞர் கண்ணை மூடினார். படம் தியேட்டருக்கு வந்தது நாலு மாதம் கழித்து!

இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: நினைவே இல்லாத பெண்ணிடம் பெறும் அன்பு, அன்பில் சேர்த்தியா? நியாயமான கேள்வி. எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் நெருடும்.

ஆனால் அந்தக் காதல் முதலில் யாருடையது தெரியுமா? இயக்குநருடையது! 1980 மே 1 அன்று அவர் நேசித்த நடிகை ஷோபா இறந்தபோது ஷோபாவுக்கு வயது 17தான். 'பசி' படத்துக்காகச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கிய பெண்! பூ மாதிரி வந்து, இருந்த இடம் தெரியாமல் போன ஒருத்தியை இழந்த வலியிலிருந்துதான் 'மூன்றாம் பிறை' பிறந்தது என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். படம் வந்ததோ இரண்டே வருஷத்துக்குள்! இப்போது அந்த ரயிலை இன்னொரு முறை பாருங்கள். விட்டுப் போகிறவள் யார், சேற்றில் நிற்கிறவன் யார்?

விருதுக் கணக்கு தெரியுமா? கமலுக்கு அவருடைய முதல் சிறந்த நடிகர் தேசிய விருது! ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது! படம் வந்தபோது ஸ்ரீதேவிக்கு 18 வயசு! 1983இல் அதே இயக்குநர், அதே கமல், அதே ஸ்ரீதேவி இந்திக்குப் போய் 'சத்மா' எடுத்தார்கள். அங்கே சீனு, சோமு ஆனார்!

சொல்லாத காதலைப் பார்த்தோம்; வாய்விட்டுச் சொன்ன காதலைப் பார்க்க, அப்படியே ஜப்பானுக்கு ஒரு தாவல். 'நருட்டோ' என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) தெரியுமா? மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வாராவாரம் வரைந்தார். 700 அத்தியாயம்! 72 தொகுதி! உலகம் முழுக்க விற்றவை 25 கோடிப் பிரதிகளுக்கும் மேல்! அதில் 469ஆம் அத்தியாயம் ரசிகர்களை ரெண்டாகப் பிளந்தது. பனி கொட்டும் இடம். சகுரா என்ற பெண் கதாநாயகன் நருட்டோ எதிரே நின்று, பளிச்சென்று 'உன்னைக் காதலிக்கிறேன்' என்கிறாள். கட்டியும் பிடிக்கிறாள்! வருஷக்கணக்காக ஏங்கிய பையன் என்ன செய்தான் தெரியுமா? நம்பவே இல்லை! தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்பவர்களைப் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்!

ஏன் பொய்? வழிதவறிப் போன நண்பன் சசுகேயைத் திருப்பிக் கூட்டி வருவேன் என்று அவளுக்காகச் சத்தியம் செய்திருந்தான் நருட்டோ. அந்தப் பாரத்தை அவன் தோளிலிருந்து இறக்கி வைக்கத்தான் இந்த 'காதல்'! கடைசியில் சகுரா யாரைக் கட்டிக்கொண்டாள்? அதே சசுகேயை! அப்படியானால் பனியில் சொன்னது முழுப் பொய்யா? அங்கேதான் அடிதடி! காதல் பொய், அக்கறை நிஜம் என்பது என் கட்சி.

வாயால் சொன்ன சகுராவை நருட்டோவே நம்பவில்லை. காதல் என்று வாயே திறக்காத நம்ம சீனுவைச் சந்தேகப்பட ஆளே இல்லை. இது காதலா, பாசமா என்று சண்டை போடுகிறவர்கள்கூட அவன் நடித்தான் என்று சொன்னதில்லையே, கவனித்தீர்களா?

சீனு விட்ட ரயில் எப்பேர்ப்பட்ட ரயில் தெரியுமா? நீலகிரி மலை ரயில்! மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை வெறும் 46 கிலோமீட்டர். ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட 5 மணி நேரம்! 208 வளைவு, 250 பாலம்! குன்னூர் வரை செங்குத்து ஏற்றம் என்பதால் நடுவில் பல் பதித்த தண்டவாளம் வேறு. 1899இல் குன்னூர் வரை ஓடியது, 1908இல் ஊட்டியைத் தொட்டது, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது! ஓடிப் பிடித்துவிடலாம் என்று கேலி பேசப்படும் ரயில். சீனுவால் அதைக்கூடப் பிடிக்க முடியவில்லை!

இன்னொரு வேடிக்கை. ஊட்டி போகும் ரயில் கேத்தியைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் என்ன தெரியுமா? லவ்டேல்!